பதிவேட்டில் உள்ள பெயரைத் திருத்தலாமா?

கேள்வி: ஆவணக் காப்பகம் ஒன்றில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளுக்கு அட்டவணை தயாரிக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். குமாஸ்தாக்கள் நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் கன்னாபின்னாவென்று எழுதி வைத்திருக்கிறார்கள். கணினியில் ஏற்றும்போதே திருத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து திருத்தாதீர்கள். ஒரு வரியைப் பாருங்கள்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன சுமார் 1,52,000 பேரில் பெரும்பாலோரைப் பற்றி எழுத்தில் மிஞ்சியிருப்பதே இந்த மாதிரி ஒன்றிரண்டு வரிதான். அதில் 'மூன்சாமி' என்று இருந்தால் அது முனுசாமியா, முனிசாமியா? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழித்துவிட்டால் அடுத்து வருகிறவருக்கு அந்தச் சந்தேகம்கூட வராது. அதோடு, முதலி அங்கே மூட்லி ஆகி, அதுவே இன்றைக்குக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. கொள்ளுப்பேத்தி தேடப்போவது அந்த எழுத்துக்கூட்டலைத்தான். ஆகவே உள்ளதை உள்ளபடி ஒரு கட்டத்தில் எழுதுங்கள், பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில் உங்கள் ஊகத்தைத் தமிழில் போட்டு, ஊகம் என்றே குறித்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று, பெயரைவிட, ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண் முக்கியம். எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள், எப்போது இறந்தார் என்று வேறு வேறு கட்டுகளில் கிடக்கிற விவரங்களை ஒரே ஆளோடு சேர்த்துக் கட்டுவது அந்த எண்தான். வசதிக்காக அகர வரிசையில் அடுக்கவும் வேண்டாம். அடுத்தடுத்த எண்களில் ஒரே கிராமத்துக்காரர்கள் நாலு பேர் இருந்தால் அவர்கள் சேர்ந்தே கிளம்பியிருக்கலாம். தாயையும் கைக்குழந்தையையும் அடுத்தடுத்த வரியில்தான் பார்க்கிறோம். வரிசையைக் கலைத்தால் அந்தச் செய்தியும் போய்விடும், அதை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா ஃபிஜிக்குப் போனவர். தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் அவர் பெயர் இருக்குமா?

பதில்: அங்கே தொடங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். தில்லியில் இருப்பது முக்கியமாக அரசாங்கக் கோப்புகள். 1871-இல் உருவான வருவாய், வேளாண்மை, வணிகத் துறையின் குடிபெயர்வுக் கிளையில் தொடங்கி விதிமுறைகள், புகார்கள், கப்பலில் நேர்ந்த சாவுகள் பற்றிய அறிக்கைகள் என்று நிறைய உண்டு, ஆனால் ஆள்வாரியாகத் தேட அவை ஏற்றவை அல்ல. தனி ஆளின் குடிபெயர்வு அனுமதிச் சீட்டு சூவாவில், ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1879 முதல் 1916 வரை அறுபதாயிரம் பேருக்கு மேல் அங்கே போனார்கள் என்றாலும், சென்னையிலிருந்து ஆள் அனுப்பியது 1903 முதல்தான். அவர் சென்னையில் கப்பல் ஏறியவர் என்றால் நீங்கள் தேட வேண்டிய காலம் வெறும் 13 ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். ஃபிஜி, கயானா, சுரிநாம், டிரினிடாட் நாடுகளின் இந்தப் பதிவேடுகளை 2011-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது.

கேள்வி: சாதிக் கட்டத்தில் இழிசொற்கள் வருகின்றன. அவற்றையும் அப்படியே ஏற்றுவதா?

பதில்: பதிவேட்டின் நகலில் இருக்கட்டும், மறைத்தால் யார் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதும் மறைந்துவிடும். ஆனால் தேடுவதற்கான தலைப்புச் சொல்லாக அதை வைக்கவே கூடாது, தலைப்பு நாம் புதிதாக எழுதுவது. அங்கே இன்றைய மரியாதையான சொல்லைப் போடுங்கள். தலைப்புக்கு அடியில், பதிவேட்டில் உள்ள இழிசொல் குமாஸ்தாவினுடையது, காப்பகத்தினுடையது அல்ல என்று ஒரு வரிக் குறிப்பும் சேர்த்துவிடுங்கள்.