ஈரலுக்குள் ஒரு அத்திப்பழம்

கேள்வி: இத்தாலிய மொழியில் ஈரலை ‘ஃபேகதோ’ என்கிறார்கள். ஈரல் அழற்சியைக் குறிக்கும் ‘ஹெபடைட்டிஸ்’ என்ற மருத்துவச் சொல்லோடு இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கிருந்து வந்தது இது?
- வாசகி, தென்காசி

பதில்: லத்தீன் படித்த நாளிலிருந்து எனக்கு மிகப் பிடித்த சொல்லைக் கேட்டுவிட்டீர்கள்.

ஹெபடைட்டிஸில் இருப்பது கிரேக்க ‘ஹேபார்’. லத்தீனில் ஈரல் ‘யேகுர்’. ஆயுர்வேதத்தில் வரும் ‘யக்ருத்’தும் இவற்றோடு பிறந்ததுதான். முறைப்படி ‘யேகுர்’தான் லத்தீனின் பிள்ளையான இத்தாலியத்துக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் சமையற்கட்டு புகுந்துவிட்டது.

அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்க வைத்த வாத்தின் ஈரல் ரோமானியர்களுக்குப் பெரிய விருந்து. கவிஞர் ஹோரஸ் தம் பாட்டொன்றில் அதைப் பரிமாறியே காட்டுகிறார். பன்றிக்கும் உலர்ந்த அத்தியை ஊட்டும் வித்தையை அபிகியுஸ் என்ற ரோமானிய உணவுப் பிரியர் கண்டுபிடித்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். கிரேக்கர்கள் இந்த ஈரலை ‘ஹேபார் சுகோதோன்’ என்றார்கள். ‘சூகோன்’ என்றால் அத்தி. ரோமானியர்கள் அதை அப்படியே லத்தீனாக்கி ‘யேகுர் ஃபிகாத்தும்’ என்றார்கள். ‘ஃபீகுஸ்’ என்பதும் அத்திதான். அப்புறம் ‘யேகுர்’ உதிர்ந்துவிட்டது. ஓட்டலில் “ரெண்டு மசால்” என்றால் தோசை தானாக வந்துவிடுகிறதே, அந்தக் கதைதான். நாளடைவில் அத்தி தின்றதோ தின்னாததோ, எல்லா ஈரலுக்கும் அதுவே பெயராயிற்று. இத்தாலிய ‘ஃபேகதோ’, பிரெஞ்சு ‘ஃபுவா’, ஸ்பானிய ‘ஈகதோ’, ருமேனிய ‘ஃபிகாத்’ எல்லாம் இதன் பிள்ளைகளே. கிரேக்கர்களும் இன்று ஈரலை ‘சிகோத்தி’ என்கிறார்கள். ‘ஹேபார்’ பேச்சிலிருந்து போய்விட்டது. இரண்டு மொழிகளிலும் ஒரே மாதிரி நடந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஒலி மாறியதையும் பாருங்கள். ‘ஃபிகாத்தும்’ நடுவில் அழுத்திச் சொல்ல வேண்டிய சொல். அழுத்தம் முதல் அசைக்கு நகர்ந்தது; கிரேக்க உச்சரிப்பின் தாக்கம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இகரம் ஏகாரமானது. உயிர்களுக்கு நடுவில் நின்ற ககரம் இளகியது. ஏரியைக் குறிக்கும் ‘லாக்குஸ்’ ‘லாகோ’ ஆனதும் இப்படித்தான். தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல: ‘கல்’, ‘பகல்’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆனால் இத்தாலியத்தில் அத்திப்பழம் மட்டும் வல்லின ஒலியோடு ‘ஃபீக்கோ’வாகவே நின்றுவிட்டது. அதனால் ஈரலுக்குள் அத்தி இருப்பது இத்தாலியர்களுக்கே சட்டென்று தெரிவதில்லை.

சரி, ‘ஃபீகுஸ்’, ‘சூகோன்’ இரண்டுக்கும் முன்னால் என்ன? அத்தி மரத்தை வளர்த்த மத்தியதரைக் கடல் பகுதியில் முன்பு வழங்கிய, இன்று அழிந்துபோன ஏதோ ஒரு மொழியிலிருந்து இரண்டும் தனித்தனியே வந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.