சூரியப் புயல் வந்தால் டிரான்ஸ்பார்மர் வெடித்து ஊரே இருண்டுவிடுமா?

டிரான்ஸ்பார்மருக்கு ஆபத்து இருப்பது உண்மைதான். ஆனால் மின்கட்டமைப்பு ஆய்வில் இருக்கும் எனக்கு அதைவிட, கோளாறு என்று கண்டால் கருவிகளைத் தானாகத் துண்டிக்கும் ரிலேக்கள் மேல்தான் பயம். காரணம், கனடாவின் கியூபெக்கில் நடந்தது.

1989 மார்ச் 13, அதிகாலை 2:44. வடக்கே ஜேம்ஸ் விரிகுடா பக்கத்து அணைகளிலிருந்து மான்ட்ரியல் வரை சுமார் 1,000 கி.மீ. நீளத்துக்கு 735 கே.வி. லைன்கள். அவ்வளவு தூரத்துக்கு வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க, வழியில் கெபாசிட்டர்கள் கொண்ட ஈடுகட்டும் கருவிகள் வைத்திருந்தார்கள். அவற்றில் 7, ஒரு நிமிடத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக டிரிப் ஆகின. வோல்டேஜ் சரிந்தது, லைன்களும் டிரிப் ஆகின, கிரிட் மொத்தமும் படுத்துவிட்டது. 60 லட்சம் பேர் இருட்டில். பெரும்பாலானோருக்குக் கரண்ட் திரும்ப 9 மணி நேரம் ஆனது.

அந்த 7 கருவிகளும் ஏன் விலகின? சூரியப் புயலில் பூமியின் காந்தப்புலம் ஆடும்போது தரையில் கிலோமீட்டருக்கு ஓரிரு வோல்ட் உண்டாகலாம். கேட்க அற்பமாக இருக்கும், 1,000 கி.மீ.க்குப் பெருக்கிப் பாருங்கள். கியூபெக்கின் அடியில் இருப்பதோ மின்சாரம் எளிதில் ஓடாத பழம்பாறை. அதனால் மின்னோட்டம், டிரான்ஸ்பார்மரில் எர்த் செய்த நியூட்ரல் முனை வழியாக லைனில் ஏறி, அடுத்த சப்ஸ்டேஷனில் இறங்குகிறது. நிமிடக் கணக்கில் மெல்ல மாறுவதால் டிரான்ஸ்பார்மருக்கு அது ஒரே திசையில் ஓடும் டி.சி. மாதிரிதான்.

ஆய்வகத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரில் கொஞ்சம் டி.சி. கலந்து பார்த்தோம். சீராக முனகிக்கொண்டிருந்தது கரகரவென்று உறுமத் தொடங்கியது. ஆஸிலோஸ்கோப் திரையில் மின்னோட்ட அலை ஒரு பக்கம் மட்டும் ஊசியாய் எழும்பியது. இரும்பு உள்ளகம் அலையின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியில், இதற்குமேல் காந்தத்தை ஏற்க முடியாத நிலைக்குப் போய்விடுகிறது என்று அர்த்தம். அந்த ஊசிகளில் ஒளிந்திருப்பவைதான் ஹார்மோனிக்ஸ், அதாவது வழக்கமான அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் அலைகள். கெபாசிட்டர்கள் அவற்றை வாரி இழுக்கும். கியூபெக்கில் ரிலேக்கள் இதை ஓவர்லோடு என்று எடுத்துக்கொண்டன. வோல்டேஜைக் காப்பாற்ற வேண்டிய கருவிகளை, அவை மிகவும் தேவைப்பட்ட அந்த நிமிடத்திலேயே கழற்றிவிட்டன. இதைப் படித்த நாளிலிருந்து, எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்று பார்க்கும் சாதாரண லோட் ஃப்ளோ கணக்கோடு ஒரு கிரிட் ஆய்வை முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. லைன், சுருள், எர்த் ஒவ்வொன்றின் டி.சி. மின்தடையையும் தேடிப் பிடித்துத் தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும். எர்த் மின்தடை விவரம் கிடைப்பதுதான் பெரும்பாடு.

கியூபெக்கின் மின் நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக் பிறகு ரிலே வரம்புகளை உயர்த்தியது, லைன்களில் தொடர் கெபாசிட்டர்கள் வைத்தது. கெபாசிட்டரைத் தாண்டி டி.சி. போகாது.

நம் ஊருக்கு? துருவ ஒளி உண்டாகும் பகுதி வெகுதூரம், கியூபெக் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டித்தான் போகிறது. பகலில் அதன் மேலே சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஓடும் மின்னோட்டம், புயல் தொடங்கும்போது வரும் காந்தத் துள்ளலைப் பெரிதாக்கும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்துக்குத் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வு மையமே இருக்கிறது. அந்தப் பக்கத்து சப்ஸ்டேஷன்களின் நியூட்ரலில் இந்த மின்னோட்டத்தை அளந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மின்னோட்டம் அளக்க வழக்கமாக மாட்டும் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்பார்மர்) டி.சி.யைக் காட்டாது, காந்தப்புலத்தை நேரடியாக உணரும் ஹால் சென்சார்தான் மாட்ட வேண்டும்.