ஏஇசட் 91-இல் சிர்கோனியம் போட்டும் கிரெய்ன் ஏன் பொடியாகவில்லை?

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில் சின்ன வார்ப்புப் பட்டறை. ஏஇசட் 91 என்ற மெக்னீசியக் கலவையை 40 கிலோ மூசையில் (உருக்கும் பாத்திரத்தில்) உருக்கி இரும்பு அச்சில் ஊற்றுகிறோம். கிரெய்ன் (உலோகத்துக்குள் இருக்கும் படிக மணிகள்) பொடியாகட்டும் என்று சிர்கோனியம் சேர்த்தோம். பலனே இல்லை, அடியில் சேறுதான் மிச்சம். எங்கே தப்பு?

பதில்: செய்முறையில் தப்பில்லை, ஜோடிதான் ஒத்துவராத ஜோடி. ஏஇசட் 91-இல் சுமார் 9 விழுக்காடு அலுமினியம். சிர்கோனியம் அதோடு கூடிக் கனமான துகளாகி அடியில் இறங்கிவிடும். நீங்கள் பார்த்த சேறு அதுதான். சிர்கோனியம் பலிப்பது இசட்இ 41, டபிள்யூஇ 43 மாதிரி அலுமினியமே இல்லாத கலவைகளில். அங்கேயும் உருகிய மெக்னீசியத்தில் கரைவது 0.6 விழுக்காடு அளவுக்குத்தான், மீதி அடியில் படியும். பின்னால் அந்தக் கலவைகளுக்குப் போனால் தனி மூசை வையுங்கள். ஏஇசட் ஒட்டிக்கிடக்கும் மூசை சிர்கோனியத்தைத் தின்றுவிடும்.

உங்களுக்குத் தேவை கரி. அதைத் தருவது மேக்னசைட் (படிகத்தில் தண்ணீர் இல்லாத மெக்னீசியம் கார்பனேட் தாது) தூள், எடையில் 0.5 முதல் 1 விழுக்காடு, அதாவது 40 கிலோவுக்கு 200 முதல் 400 கிராம். சூட்டில் அது விடும் கார்பன் டை ஆக்சைடை மெக்னீசியம் உடைத்துக் கரியாக்கும். அந்தக் கரி அலுமினியத்தோடு சேர்ந்து கார்பைடு துகளாகும், கிரெய்ன் முளைப்பது அதன் மேல். சிர்கோனியத்தைக் கெடுத்த அதே அலுமினியம் இங்கே உதவிக்கு வருகிறது.

மருந்துக்கடையிலும் ஜிம்மிலும் கிடைக்கும் வெள்ளை மெக்னீசியம் கார்பனேட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது, உருகலில் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பித் தெறிக்கும். மேக்னசைட்டும் பினாங்கு ஈரக்காற்றில் சும்மா கிடந்ததை அப்படியே எடுக்கக்கூடாது. 150 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்து, அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டி, சூடேற்றிய துளைக் கூண்டில் வைத்து 760 டிகிரியில் அடிவரை அமுக்குங்கள். கொதிப்பு நின்றதும் கிளறி, 10 நிமிடம் விட்டு, கசடெடுத்து, சூட்டை 720-க்கு இறக்கி ஊற்றுங்கள். இவ்வளவு நேரமும் உருகல் தீப்பிடிக்காமல் காக்கும் காப்பு வாயு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறப்போட்டால் பலன் தேய்ந்துவிடும், அச்சு முன்கூட்டியே சூடாகித் தயாராக இருக்கட்டும்.

சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் விரல் தடிமன் கம்பி ஒன்று வார்த்து உடைத்துப் பாருங்கள். முறிவில் பளபளவென்று முகங்கள் மின்னினால் கிரெய்ன் பெரிசு. மங்கலான சாம்பல் நிறத்தில் பட்டுத்துணி மாதிரி இருந்தால் பலித்துவிட்டது.

அப்படியும் பலிக்கவில்லையா? நீங்கள் வாங்கிய இங்காட்டின் (உலோகக் கட்டியின்) சான்றிதழில் பெரிலியம் இருக்கிறதா பாருங்கள். டைகாஸ்டிங் (அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தி வார்ப்பது) தர இங்காட்டில் தீப்பிடிக்காமலிருக்க அதைச் சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) சேர்ப்பார்கள், அது கிரெய்னைப் பெரிதாக்கும். என் முதல் சந்தேகம் அதன்மேல்தான். கால்சியமும் கிரெய்னைப் பொடியாக்கும், தீயையும் அடக்கும். ஆனால் 1 விழுக்காட்டை நெருங்கினால் இரும்பு அச்சில் சூட்டு விரிசல் வரும், அச்சிலும் ஒட்டும். நான் அந்தப் பக்கம் போகச் சொல்லமாட்டேன்.