ஸ்பெயின்ல வைன் & தபாஸ் (வைனோட கடிச்சுக்குற சின்னச் சின்னத் தட்டு) டேஸ்டிங் போலாம்னு பிளான். வைன் பத்தி ஒண்ணும் தெரியாது, நான் சைவம் வேற. போனா பிரயோஜனமா இருக்குமா?

தாராளமா போங்க. ஆனா எந்த ஊர்ல போறீங்கன்றது முக்கியம்.

நான் மாட்ரிட்ல வேலை பாக்குறேன், இங்க யார்கிட்ட கேட்டாலும் முதல்ல ரியோஹா ரெட் வைன் பக்கம்தான் கை காட்டுவாங்க. நல்ல வைன்தான், அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா வெஜ், புதுசு, கூடவே தபாஸும் வேணும்னா நான் சொல்றது தெற்க அந்தலூசியால இருக்குற ஹெரேஸ். ஷெர்ரி வைனோட சொந்த ஊர், செவில்ல இருந்து ட்ரெயின்ல ஒரு மணி நேரம் சொச்சம்.

ஷெர்ரின்னா ஏதோ கேக்ல ஊத்துற இனிப்பு சரக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இங்க டேஸ்டிங்ல முதல்ல வர்ற ஃபினோன்ற ஷெர்ரி வகைல இனிப்புன்றதே கிடையாது, வெளிர் மஞ்சள் கலர்ல ஜில்லுனு இருக்கும், வாய வறட்டிட்டு போகும், பாதாம் வாசன வரும். வெறும் வாயில குடிச்சா பாதி பேருக்கு பிடிக்காது, மூஞ்ச சுளிப்பாங்க. அப்ப தட்டுல இருக்குற உப்பு போட்டு வறுத்த பாதாமோ ஒரு ஆலிவோ கடிச்சிட்டு உடனே மறுபடி ஒரு வாய் குடிங்க, அதே வைனானு கேப்பீங்க. என்னோட வந்த ஆபீஸ் ஆளுங்க முகத்துல அது மாறுறத கண்ணால பாத்தேன்.

இதுக்கு காரணம் பீப்பாய்க்குள்ள இருக்கு. பாலோமினோன்னு ஒரு வெள்ள திராட்சை, சுண்ணாம்பு கலந்த வெள்ள மண்ணுல வளருது. அந்த வைன்ல ஆல்கஹால 15 சதவீதம் அளவுக்கு ஏத்தி, பீப்பாய ஆறுல அஞ்சு பங்கு மட்டும் ரொப்பி மேல இடம் விட்டு வச்சிடுவாங்க. அந்த இடத்துல வைன் மேல ஈஸ்ட் ஒரு வெள்ளப் படலமா படரும், ஃப்ளோர்னு பேரு, அது காத்து உள்ள போகாம தடுக்கும், வைன்ல இருக்குற கிளிசரினயும் தின்னுடும், அதனாலதான் அவ்ளோ லேசா வறட்சியா இருக்கு. சில இடத்துல பீப்பாயோட முன்பக்கம் கண்ணாடி போட்டு வச்சிருப்பாங்க, சுருக்கம் சுருக்கமா அந்தப் படலம் மிதக்குறத கிட்ட நின்னு பாக்கலாம், அத பாக்காம வராதீங்க.

இன்னொன்னு சொலேரான்ற கலக்குற முறை. பீப்பாய்ங்கள வரிசை வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க, கீழ் வரிசைலதான் பழசு, பாட்டில்ல அடைக்க அதுல இருந்து கொஞ்சம் எடுத்துட்டு மேல் வரிசை வைன ஊத்தி ரொப்புவாங்க, அதுக்கு அதுக்கும் மேல இருந்து, இப்படியே போகும். எந்த பீப்பாயும் முழுசா காலி ஆகாது. நம்ம வீட்ல நேத்து தயிர்ல கொஞ்சம் எடுத்து இன்னிக்கு பாலுக்கு உறை ஊத்துறோம்ல, அந்தக் கணக்குதான். அதனால லேபிள்ல 1800 சொச்சம்னு ஒரு வருஷம் போட்டிருந்தா அது பெரும்பாலும் அந்த சொலேரா ஆரம்பிச்ச வருஷம், பாட்டில்ல இருக்குற வைனோட வயசு இல்ல.

டேஸ்டிங் நடக்குற பொதேகாவே, அதாவது பீப்பாய் வச்சிருக்குற வைன் கிடங்கே, பாக்க வேண்டிய இடம். கோயில் மண்டபம் அளவுக்கு உசரமான கூரை, ஜன்னல்ல கோரைப் பாய் தொங்கும், தரை மண் தரை, வெயில் காலத்துல ஈரம் நிக்கறதுக்காக தண்ணி தெளிப்பாங்க. அங்க ஊத்திக் குடுக்குறவர் கையில வெனென்சியான்னு வளையற நீளக் கம்பி, நுனில ஒடுக்கமா ஒரு சின்ன உலோகக் குவளை. அத படலத்த கலைக்காம சட்டுனு உள்ள விட்டு எடுத்து, கைய தலைக்கு மேல தூக்கி, இடுப்புகிட்ட புடிச்சிருக்குற கிளாஸுக்குள்ள நூல் மாதிரி ஒழுகவிடுவார், ஒரு சொட்டு வெளிய விழல.

அப்புறம் மத்த ஷெர்ரி வகைங்க வரிசையா வரும், அமோன்டியாடோ, ஒலோரோசோ, கடைசில பெத்ரோ ஹிமேனெஸ். அமோன்டியாடோ முதல்ல படலத்துக்குக் கீழ இருந்துட்டு அப்புறம் காத்து பட்டு வளருது, ஒலோரோசோ படலமே இல்லாம 17 சதவீதத்துக்கு மேல ஏத்தி முழுக்க காத்துலயே பழசாகுது. அங்க ஒரு வழக்கு உண்டு: நீந்துறதுக்கு ஃபினோ, பறக்குறதுக்கு அமோன்டியாடோ, ஓடுறதுக்கு ஒலோரோசோ. மீன், கோழி, மாடு கணக்கு அது. நமக்கு வேற கணக்கு போட்டுக்கலாம், ஃபினோக்கு ஆலிவ், பாதாம், ஊறுகா வகை, அமோன்டியாடோக்கு காளான், ஆஸ்பரகஸ், ஆர்டிசோக், ஒலோரோசோக்கு நல்லா முத்துன மாஞ்செகோ சீஸ். ஆர்டிசோக்கும் வினிகரும் பொதுவா எந்த வைனோட ருசியையும் கெடுத்துடும், ஷெர்ரிகிட்ட மட்டும் அது நடக்கல, வெஜ் ஆளுங்கள நான் இங்க போகச் சொல்றதே இதுக்காகத்தான். பெத்ரோ ஹிமேனெஸ் வேற ஜாதி, திராட்சைய வெயில்ல காயவச்சு எடுக்குறது, லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல சர்க்கரை, கருப்பா பாகா ஊத்தும். நீல சீஸோட ஒரு வாய் போதும்.

சாப்பாட்டுல ஜாக்கிரதையா இருக்கணும். புக் பண்ணும்போதே வெஜ்னு எழுதிடுங்க, அங்க போயும் "சின் கார்னே" (கறி இல்லாம)ன்னு மட்டும் சொன்னா பத்தாது, ஹமோன்ற உப்புல பதப்படுத்துன பன்றித் தொடைய கறியாவே கணக்குல எடுத்துக்காதவங்க இருக்காங்க. "சின் ஹமோன், சின் அதுன்"னு (ஹமோன் இல்லாம, சூரை மீன் இல்லாம) தனித்தனியா சொல்லுங்க. குரோகேத்தான்ற பொரிச்ச உருண்டைக்குள்ள பெரும்பாலும் ஹமோன் இருக்கும், சல்மோரேஹோ தக்காளி சூப் மேல தூவியிருப்பாங்க. முட்டை சாப்பிடுவீங்கன்னா உருளைக்கிழங்கு தோர்த்தியா (தடிமனான ஆம்லெட்) இருக்கு. என் ஓட்டு கீரையும் கொண்டைக்கடலையும் போட்டு செய்ற எஸ்பினாகாஸ் கோன் கர்பன்சோஸுக்கு, செவில் பக்கத்து அயிட்டம், சீரகமும் பூண்டும் போட்டு வரும், நம்ம நாக்குக்கு அப்படியே ஒட்டிக்கும், அமோன்டியாடோவோட சாப்பிட்டுப் பாருங்க.

வயித்த காலியா வச்சிட்டு போகாதீங்க, 15, 17 சதவீதம்ன்றது சாதாரண வைன விட அதிகம். முழுசா குடிக்கணும்னு கட்டாயம் இல்ல, துப்புறதுக்கு பாத்திரம் வச்சிருப்பாங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. தண்ணி கேட்டு வாங்கிக்கோங்க, கார் எடுத்துட்டு போகாதீங்க.

முடிஞ்சதும் ரூமுக்கு ஓடிடாம ஊருக்குள்ள ஒரு தபாங்கோக்கு போங்க, பீப்பாய்ல இருந்து நேரா கிளாஸ்ல ஊத்தித் தர்ற பழைய கடைங்க, சிலதுல ராத்திரி ஃபிளமெங்கோ பாட்டும் இருக்கும். வீட்டுக்கு பாட்டில் வாங்குறதா இருந்தா ஃபினோவ ஃப்ரிட்ஜ்ல வைங்க, தொறந்தா ஒரு வாரத்துக்குள்ள முடிச்சிடணும். ஒலோரோசோ பல வாரம் தாங்கும்.