இந்தப் பேப்பர் எங்கே போகுது?

வாசகர்களின் வங்கிக் கேள்விகளுக்கு, கடலூரில் 31 வருடம் வங்கிப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற அம்மையாரின் பதில்கள்

கேள்வி: டூவீலர் கடனுக்கு ஒரு ஃபைனான்ஸில் விண்ணப்பித்தேன். 'உங்க விவரம் சிஸ்டத்துல ஒத்துப்போகல' என்று நிராகரித்துவிட்டார்கள். காரணம் கேட்டால், 'மோசடித் தடுப்புச் சோதனை, அதுக்கு மேல சொல்ல முடியாது' என்கிறார்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்துப் பார்த்தேன். என் விவரங்களை மற்ற நிறுவனங்களோடு பகிரச் சம்மதம் என்று பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் யாருக்கு அம்மா சம்மதம் கொடுத்தேன்?
– வாசகர், பண்ருட்டி

பதில்: விவரம் பகிரப்பட்டதே தப்பு என்று நினைக்காதீர்கள் தம்பி. ஒருவருடைய ஆதார் ஜெராக்ஸை வைத்து இன்னொருவர் நாலு இடத்தில் கடன் வாங்குவது நடக்கிற விஷயம்தான். அந்த நாலு இடமும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாவிட்டால் அதைப் பிடிக்க வழியே இல்லை.

உங்கள் விண்ணப்பம் உள்ளே போனதும் பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி, மொபைல் எண் எல்லாம் ஒரு கடன் தகவல் நிறுவனத்துக்குப் போகும். யார் எங்கே கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிந்து வைக்கும் இடம் அது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு இருக்கின்றன. 2005ஆம் வருடக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் நடப்பவை. அங்கே ஏற்கெனவே இருக்கும் பதிவோடு ஒப்பிடுவார்கள். நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் வருவதும் இங்கேதான். ஒரு அட்டையில் இனிஷியல் மட்டும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் காலி பண்ணிய பழைய வீட்டு முகவரி. ஆள் ஒருவர்தான், சிஸ்டத்துக்கு இரண்டு பேர். உங்களுக்கும் இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் அதைத்தான் பாருங்கள்.

அந்த நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். யார் யார், எந்தத் தேதியில் உங்கள் விவரத்தைக் கேட்டுப் பார்த்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தப் பட்டியல்தான். தெரியாத பெயர் இருந்தால் அந்தத் தகவல் நிறுவனத்திடம் அன்றைக்கே புகார் கொடுங்கள். புகாரை 30 நாளில் தீர்க்க வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. ஃபைனான்ஸ்காரரிடமும், எந்த அறிக்கையைப் பார்த்தீர்கள், நகல் கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு.

'அதுக்கு மேல சொல்ல முடியாது' என்ற வார்த்தைதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. எந்த நுணுக்கத்தை வைத்துச் சந்தேகப்பட்டோம் என்று சொல்ல வேண்டாம், திருடனும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். சரி. ஆனால் யாரிடம் போகிறது, எதற்குப் போகிறது, தப்பாக இருந்தால் எங்கே முறையிடுவது, இதையெல்லாம் சொன்னால் எந்தத் திருடனுக்கு லாபம்? சொல்லாமல் விட்டால்தான் அவனுக்கு லாபம். 'பேங்க்ல இருந்து பேசறோம், உங்க கே.ஒய்.சி. சரிபார்ப்பு' என்று போன் வந்தால் படித்தவர்கள்கூட நம்பிவிடுகிறார்கள். நிஜமான சரிபார்ப்பு எப்படி நடக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதே இல்லை. உங்களைப் போனில் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்கிற வேலை அதில் கிடையவே கிடையாது.

கேள்வி: வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். தவணையில் வாங்குகிறவர்களின் ஆதார், பான் விவரங்களை ஃபைனான்ஸுக்கு அனுப்புகிறோம். புதுச் சட்டப்படி இதை அவர்களிடம் சொல்ல வேண்டுமாமே? என்ன எழுதி வைக்கலாம்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். 2004 சுனாமிக்கு அப்புறம், பாஸ்புக் எல்லாம் கடலோடு போய், தேவனாம்பட்டினத்துப் பெண்கள் எங்கள் கிளையில் வரிசையாக நின்றார்கள். ஒரு பாட்டியிடம் ரேஷன் கார்டு நகலை வாங்கினேன். கையை விடவில்லை. "இந்தப் பேப்பர் எங்க போவுது கண்ணு?" என்றார். "தலைமை ஆபீசுக்குப் பாட்டி. உங்க கணக்குல பணம் இருக்குன்னு வேற யாரும் வந்து நிக்கக் கூடாது இல்ல, அதுக்குத்தான்" என்றேன். சட்டென்று விட்டுவிட்டார். அப்புறம் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் அவரே அதை விளக்கிக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நீங்கள் எழுதப்போகும் அறிவிப்பு அவருக்குப் புரிந்தால் போதும்.

நீங்கள் சொல்வது 2023ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. அறிவிப்பு போன்ற கடமைகளுக்குத் தயாராக 18 மாதம் கொடுத்திருக்கிறார்கள். என்ன விவரம், எதற்காக என்று சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழியில் கேட்டால் அந்த மொழியில் படிக்கக் கிடைக்க வேண்டும், தமிழ் அதில் உண்டு. யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கவும் உரிமை உண்டு. குற்ற விசாரணைக்காகச் சட்டப்படி அதிகாரம் உள்ளவர்கள் எழுத்தில் கேட்டு வாங்கியதை மட்டும் சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் 18 மாதம் காத்திருக்காமல் கல்லாவுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இப்படி ஒட்டிவிடுங்கள்:

"நீங்கள் தரும் பெயர், பிறந்த தேதி, முகவரி, மொபைல் எண், பான் எண், ஆதார் விவரம் ஆகியவற்றைத் தவணைக் கடனுக்காக இந்த நிறுவனத்துக்கு அனுப்புகிறோம். கேட்பது நீங்கள்தானா, உங்கள் பெயரில் வேறு யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று அவர்கள் கடன் தகவல் நிறுவனத்தில் பார்ப்பார்கள். நீங்கள் தவணை கட்டுவதும் தவறுவதும் அங்கே பதிவாகும். விவரம் பொய் என்று தெரிந்தால் கடன் கிடைக்காது. விவரத்தில் தவறு இருந்தால் இந்த எண்ணில் கேளுங்கள். ஜெராக்ஸ் எதையும் கடையில் வைத்துக்கொள்வதில்லை."

நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் நீங்கள் நிரப்ப வேண்டும். கடைசி வரியை எழுதினால் அதன்படி நடக்கவும் வேண்டும், மேஜை டிராயரில் பழைய ஆதார் நகல்கள் கிடக்கக் கூடாது. ஃபைனான்ஸ்காரர் ஏற்றுக்கொண்டால், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரையே வாங்குங்கள்.

கேள்வி: துணி வியாபாரம் செய்கிறேன். தெரியாத ஒருவர் 8,500 ரூபாய்க்குப் புடவை வாங்கி யு.பி.ஐ.யில் அனுப்பினார். அந்தத் தொகையை வங்கி முடக்கிவிட்டது. வேறு மாநில போலீஸ் சொன்னதாம். எனக்கு ஒரு தகவலும் வரவில்லை.
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பணத்தை ஏமாந்த ஒருவர், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் கொடுத்திருப்பார் அம்மா. அந்தப் பணம் போன பாதையிலேயே தகவலும் வங்கி வங்கியாகப் போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்துவார்கள். அந்த வேகம் இல்லாவிட்டால் ஏமாந்தவருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. ஆனால் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாதது சரியில்லை. கிளைக்குப் போய்ப் புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், முடக்கிய தொகை எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். விற்ற பில், வாட்ஸ்அப்பில் பேசியது, புடவையை அனுப்பிய கூரியர் ரசீது மூன்றையும் இணைத்து அந்தக் காவல் நிலையத்துக்கு அனுப்பி, நகலை வங்கிக்கும் கொடுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம். கிளையில் கொடுக்கும் கடிதத்தின் நகலில் சீல் வாங்க மறக்காதீர்கள், அந்த 30 நாள் அன்றிலிருந்துதான் எண்ணப்படும்.