'சோதனை' என்று பொறித்தால் சோதனை நாணயம் ஆகிவிடுமா?

கேள்வி: ஒரு வெளிநாட்டு ஏலத்தில் பிரிட்டன் பெயரில் 2003-ஆம் ஆண்டு யூரோ நாணயம் ஒன்று வந்திருக்கிறது. அதில் 'ப்ரோபே' என்று பொறித்திருக்கிறது. சோதனை அச்சு, மிக அரிது என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: பார்க்க அழகாக இருக்கிறது என்றால் வாங்குங்கள். அரிது என்பதற்காக வேண்டாம்.

பிரிட்டன் யூரோவுக்கு மாறவே இல்லை. அப்புறம் யாருக்காக இந்தச் சோதனை? 2002-இல் யூரோ காசுகள் புழக்கத்துக்கு வந்த சூட்டோடு, யூரோவில் சேராத நாடுகளின் பெயரிலும் தனியார் இப்படி அடித்து, சேகரிப்பாளர்களுக்கு விற்றார்கள். படத்தைப் பெரிதாக்கி, மதிப்பு எழுதிய இடத்தை உற்றுப் பாருங்கள். இந்த வகையில் சிலவற்றில் 'யூரோ' என்ற சொல்லே இருக்காது. 'செரோஸ்' என்று என்னவோ போட்டிருப்பார்கள். 'ப்ரோபே' என்பது ஜெர்மன் மொழியில் சோதனை. அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம்.

நாணயச்சாலை தன் தேவைக்காக அடித்துப் பார்ப்பது வேறு. அச்சு சரியாக விழுகிறதா என்று ஈயம் போன்ற மென்மையான உலோகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் அடித்துப் பார்ப்பதுண்டு. மங்கலாக, பின்பக்கம் மொட்டையாக, கண்ணைக் கவராத ஒரு வில்லை அது. பிரிட்டனிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மன்னர் எட்டாம் எட்வர்டுக்காக 1937 என்று ஆண்டு பொறித்த மாதிரிக் காசுகள் தயாராயின. 1936 டிசம்பரில் அவர் முடி துறந்ததால் அவை வெளியாகவில்லை. தப்பிப் பிழைத்த சில காசுகளுக்குத்தான் இன்று அவ்வளவு விலை.

இரண்டுக்கும் நடுவிலும் ஒரு ரகம் உண்டு. பாரிஸ் நாணயச்சாலை பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளுக்காக 'எஸ்ஸே' (பிரெஞ்சில் சோதனை) என்று பொறித்து, குறைந்த எண்ணிக்கையில் அடித்தவை. சேகரிப்பாளர்கள் கைக்குப் போனாலும் அவை அதிகாரப்பூர்வமானவைதான். பசிபிக் தீவுகளான குக் தீவுகள், நியுவே, பலாவ் பெயர்களில் வரும் வெள்ளி நினைவு நாணயங்களும் அந்தந்த அரசின் அனுமதியோடு, பெரும்பாலும் வேறு நாட்டில் அடிக்கப்படுபவை. கடையில் நீட்டுவதற்காக அல்ல, விற்பதற்காகவே அடித்தவை. அதை ஒளிப்பதும் இல்லை. அவற்றை வாங்கும்போது உள்ளே எத்தனை கிராம் வெள்ளி என்று கணக்குப் போட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

சரி, உங்கள் காசுக்கு வருவோம். ஒவ்வொரு நாணயத்துக்கும் ஓர் எண் தரும் க்ராஸ் உலக நாணயப் பட்டியலில் அதன் எண் என்ன என்று விற்பவரிடம் கேளுங்கள். எண்ணின் முன்னால் 'பிஎன்' என்றால் மாதிரி, 'ஈ' என்றால் எஸ்ஸே, 'டிஎஸ்' என்றால் சோதனை அச்சு. 'எக்ஸ்' என்று தொடங்கினால் அது நாட்டு நாணயப் பட்டியலில் சேராத வினோத ரகம். உங்களுடையதற்கு எண் இருந்தால், பெரும்பாலும் 'எக்ஸ்' வரிசையில்தான் இருக்கும்.