சார்ஜர், கீசர், கார் பேட்டரி: மின்சாரக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஓம் விதி மனப்பாடமாகத் தெரியும். ஆனால் ஒயரில் ஓடுவது வோல்டேஜா, கரண்டா என்று கேட்டால் விழிக்கிறேன்.

பதில்: ஓடுவது கரண்ட், அதாவது மின்னோட்டம். வோல்டேஜ் ஓடாது, அது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள அழுத்த வேறுபாடு. எதுவும் செருகாத பிளக் பாயிண்டிலும் 230 வோல்ட் இருக்கிறது, மின்னோட்டம்தான் இல்லை. அங்கே 2,000 வாட் கீசரைப் போட்டால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் ஓடும். கீசர் சுருளின் தடை சுமார் 26.5 ஓம்; 230ஐ அதனால் வகுத்துப் பாரம்மா. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டது, வோல்டேஜைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் என்ற இந்தக் கணக்கைத்தான்.

கேள்வி: வோல்டேஜைத் தொட்டித் தண்ணீரின் அழுத்தத்துக்கும், கரண்டைக் குழாயில் ஓடும் தண்ணீருக்கும் ஒப்பிடுகிறார்களே, அந்த உதாரணம் சரியானதா?

பதில்: தொடங்குவதற்குப் போதும். ஆனால் குழாயை அறுத்தால் தண்ணீர் கொட்டும். ஒயரை அறுத்தால் ஓட்டமே நின்றுவிடும்.

கேள்வி: என் மடிக்கணினிக்கு 19 வோல்ட், 3.42 ஆம்பியர் சார்ஜர். கடையில் 19 வோல்ட், 4.74 ஆம்பியர்தான் இருக்கிறதாம். கருகிவிடாதா?

பதில்: கருகாது. சார்ஜரில் எழுதியிருக்கும் ஆம்பியர் அதனால் கொடுக்க முடிந்த உச்ச அளவு. கணினி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் மாறக் கூடாது, முனையும் அதன் துருவமும் பொருந்த வேண்டும். குறைந்த ஆம்பியர் சார்ஜர்தான் திணறிச் சூடாகும்.

கேள்வி: கீசர் பிளக் உருகிப்போய்விட்டது. மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்சான எம்சிபி ஏன் விழவில்லை, சார்?

பதில்: பலரும் எம்சிபியைத் திட்டுகிறார்கள், அதன்மேல் குற்றமில்லை. அது கவனிப்பது மின்னோட்டத்தின் அளவை. உங்கள் வீட்டில் அந்த அளவு அதிகமாகவே இல்லை. பிளக்கின் உலோகக் கால் சாக்கெட்டுக்குள் தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டானதாக வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் 8.5 ஆம்பியராகக் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கி வருவது: சுமார் 36 வாட். 25 வாட் சால்டரிங் அயர்னே ஈயத்தை உருக்கும், பிளாஸ்டிக் எம்மாத்திரம்? பிளக்கை மட்டும் மாற்றாதீர்கள். கருகிய சாக்கெட்டையும் சேர்த்து மாற்றி, 16 ஆம்பியர் பாயிண்டாகவே போடச் சொல்லுங்கள். ஒயர் நுனி கறுத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி முறுக்க வேண்டும். மல்டி பிளக்கில் கீசரா? வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கார் பேட்டரியைத் தொட்டால் ஷாக் அடிக்குமா?

பதில்: உலர்ந்த கையால் தொட்டால் அடிக்காது. உடலின் தடை பல ஆயிரம் ஓம்; அதில் 12 வோல்ட் செலுத்தும் மின்னோட்டம் மிகச் சொற்பம். பயப்பட வேண்டியது கையிலிருக்கும் ஸ்பேனருக்கு. அதன் தடை இல்லாததற்குச் சமம். இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பு பழுத்துவிடும். மோதிரத்தையும் உலோகப் பட்டை கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனை முதலில், மாட்டும்போது கடைசியில்.